வண்டி பிறந்த நகரும் காப்புறுதிக் கட்டணமும்

டெற்றோயிற் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே மோட்டார் வண்டியின் நினைவு எவர்க்கும் வரும். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கனடா நாட்டுக்கு எல்லையாக ஓடும் ஆற்றின் கரையில் அமைந்தது அந்நகர். அங்கேதான் ஹென்றி போர்ட் 1908ஆம் ஆண்டில் தமது ‘ரி’ மாதிரி வண்டியை வெளியிட்டார். 1913இல் அயலிலுள்ள ஹைலன்ட் பார்க் தொழிற்சாலையில், ஓடும் தொடரிலே வண்டிகளைப் பூட்டும் முறை தொடங்கியது. அடுத்த ஆண்டில் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஐந்து டொலர் ஊதியம் என்ற அறிவிப்பு வெளிவந்தது. முதலில் 850 டொலருக்கு விற்கப்பட்ட வண்டி 1925ஆம் ஆண்டளவில் 260 டொலருக்கு இறங்கியது. செல்வரின் விளையாட்டுப் பொருளாக இருந்த மோட்டார் வண்டியை உழைப்பாளியின் உடைமையாக்கிய பெருமை அந்நகருக்கே உரியது.

அத்தகைய நகரில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்தபின், வண்டியை வாங்குவதிலும் அதற்குக் காப்புறுதி பெறுவதே அரிதாயிற்று. 2019ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, டெற்றோயிற் சாரதி ஒருவர் ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய சராசரிக் கட்டுப்பணம் 5,414 டொலர். அஃது அந்நகரத்து நடுத்தரக் குடும்பம் ஒன்றின் வருமானத்தில் ஏறக்குறைய 18 விழுக்காடாகும். வருமானத்தில் 2 விழுக்காட்டுக்கு மேற்படாத கட்டுப்பணமே மக்கள் தாங்கக்கூடியது என்பது அந்நாட்டு மத்திய அரசு வகுத்த அளவுகோல். அதனோடு ஒப்பிட்டால் டெற்றோயிற் மக்கள் சுமந்த பாரம் ஒன்பது மடங்கு. இந்நிலை ஒரு நாளில் தோன்றியதன்று. மோட்டார்க் காப்புறுதி என்னும் ஏற்பாடு பிறந்து, வளர்ந்து, சட்டத்தின் கட்டாயமாக மாறிய வரலாற்றினுள்ளேயே அதன் காரணங்கள் பொதிந்து கிடக்கின்றன.

காப்புறுதியின் அடிப்படை எளிது. எவருக்கு இடர் வரும் என்று முன்னறிய முடியாதாகையால், பலரும் சிறு தொகை செலுத்தி ஒரு நிதியைச் சேர்க்கின்றனர். இடருற்றவருக்கு அந்நிதியிலிருந்து ஈடு கிடைக்கின்றது. செலுத்தும் தொகையே கட்டுப்பணம். இடர் வரும் வாய்ப்பு எவரிடத்தில் மிகுதியோ அவரிடம் மிகுதியாகக் கேட்பது கம்பனிகளின் வழக்கம். கடலிற் செல்லும் கப்பலுக்கும் தீப்பற்றக்கூடிய பண்டசாலைக்கும் நெடுங்காலமாக வழங்கிய இம்முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மோட்டார் வண்டிக்கும் வந்து சேர்ந்தது.

1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆந் திகதி, இலண்டன் கிறிஸ்டல் பலஸ் பூங்காவில் பிரிட்ஜெற் டிரிஸ்கோல் என்னும் பெண்மணி மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார். 1899ஆம் ஆண்டு செப்ரெம்பர் 13ஆந் திகதி நியூயோர்க் நகரில் திராம் வண்டியிலிருந்து இறங்கிய ஹென்றி பிளிஸ் என்பவரை மின்சார வாடகை வண்டியொன்று மோதியது. மறுநாள் அவர் இறந்தார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட 1898ஆம் ஆண்டில், பபலோ நகரத்து வைத்தியர் ஒருவர் டிராவலர்ஸ் என்னும் கம்பனியிடம் தமது வண்டிக்கு ஒரு காப்புறுதிப் பத்திரம் பெற்றார். அமெரிக்காவின் முதல் மோட்டார்க் காப்புறுதிப் பத்திரங்களுள் அஃது ஒன்று. வீதியெங்கும் குதிரைகளே நிறைந்திருந்த அக்காலத்தில், தம் வண்டியைக் கண்டு பிறருடைய குதிரைகள் மிரண்டு கேடு விளைக்குமோ என்பதே அவருக்கிருந்த அச்சம். ஆகவே தொடக்கத்தில் இக்காப்புறுதி வண்டிச் சொந்தக்காரரின் பணப்பையைக் காப்பதற்கே ஏற்பட்டது. அடிபட்டவரைக் காப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை.

மலிவான வண்டிகள் வீதிகளை நிரப்பியதும் நிலைமை மாறியது. முன்னர் வண்டி வைத்திருந்தவர் செல்வர். அவர் ஒருவரை மோதினால் நட்டஈடு கொடுக்க அவரிடம் பொருள் இருந்தது. இப்போது தவணை முறையில் வண்டி வாங்கிய தொழிலாளி சாரதியானார். அடிபட்டவர் நீதிமன்றம் சென்று வெற்றி பெற்றாலும், தீர்ப்பை நிறைவேற்றச் சாரதியிடம் பணமில்லை. தீர்ப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தியசாலைக் கடனைத் தீர்க்க முடியாமல் வாடிய குடும்பங்கள் பலவாயின.

இக்குறையை நீக்கத் துணிந்து முன்வந்தது மசாசூசெற்ஸ் மாநிலம். 1925இல் இயற்றப்பட்டு 1927ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அதன் சட்டம், காப்புறுதிச் சான்று காட்டாத எவரும் வண்டியைப் பதிவு செய்தல் இயலாது என விதித்தது. ஒருவருக்கு ஏற்படும் உடற்காயத்துக்கு 5,000 டொலர், ஒரு விபத்தில் பலர் காயமுற்றால் மொத்தம் 10,000 டொலர் என்ற அளவுக்குக் காப்புறுதி இருத்தல் வேண்டும். வண்டிக்கு நேரும் சேதமோ திருட்டோ இதில் அடங்கவில்லை. பிறர்க்கு விளையும் தீங்குக்கு ஈடு கொடுப்பதே சட்டத்தின் கருத்து. அடுத்த முப்பது ஆண்டுகள் அமெரிக்காவில் வேறெந்த மாநிலமும் இதனைப் பின்பற்றவில்லை. 1956இல் நியூயோர்க்கும் 1957இல் வட கரோலினாவுமே அடுத்து வந்தன. ஆயின் நியூசிலாந்து 1928இலும் பிரித்தானியா 1930இலும் இக்கட்டாயத்தை நாடு முழுமைக்கும் ஏற்படுத்தின.

கட்டாயம் வந்ததும் இரண்டு வினாக்கள் உடன் எழுந்தன. கட்டுப்பணத்தை நிர்ணயிப்பவர் யார்? எந்தக் கம்பனியும் ஏற்க விரும்பாத சாரதியின் கதி என்ன? டெற்றோயிற் நகரத்தின் துன்பம் இவ்விரு வினாக்களிலிருந்தே கிளைத்தது எனலாம்.

முதல் வினாவுக்கு மசாசூசெற்ஸ் கண்ட விடை, அரசாங்கத்தின் காப்புறுதி ஆணையாளரே ஆண்டுதோறும் கட்டுப்பணத்தை விதிப்பது என்பதாகும். மாநிலம் பல பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டது. வண்டி இரவில் எந்த ஊரில் நிறுத்தப்படுகின்றதோ அவ்வூரின் விபத்துக் கணக்கைக் கொண்டு தொகை முடிவாயிற்று. பொஸ்டன் நகரத்தாரும் அதன் அயலூர்களான செல்சி, ரெவியர் ஆகியவற்றின் மக்களும் நாட்டுப்புறத்தாரிலும் பன்மடங்கு செலுத்த நேர்ந்தது. நகரத்தில் சந்திகள் மிகுதி, பாதசாரிகள் மிகுதி, வண்டிகள் நெருக்கமாக ஓடுகின்றன, வைத்தியச் செலவு உயர்வு, வழக்கறிஞரும் வழக்குகளும் மிகுதி. ஆகவே அங்கே செலவு கூடுவது இயல்பு என்றனர் கணக்கறிந்தோர்.

நகரத்தார் கூறிய மறுமொழியும் புறக்கணிக்கத்தக்கதன்று. இருபது ஆண்டு விபத்தின்றி வண்டி ஓட்டிய முதியவரும், வீதியின் மறுபுறத்தில் வசிக்கும் காரணத்தாலே அயலூராரிலும் இருமடங்கு செலுத்துவது என்ன நியாயம் என அவர்கள் கேட்டனர். நாட்டுப்புறத்திலிருந்து நாளும் நகரத்துக்கு வேலைக்கு வருவோரும் அதே நெரிசலில் வண்டி செலுத்துகின்றனர். அவர்களால் நேரும் விபத்தின் பாரமோ நகரத்தார் தலையிலேயே விழுகின்றது என்றனர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்கு இதனிலும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது. உறவினரின் நாட்டுப்புற முகவரியைக் கொடுத்து வண்டியைப் பதியும் தந்திரமும் அக்காலத்திலேயே தோன்றிவிட்டது.

இரண்டாவது வினா இன்னும் கடினமானது. விபத்துக்கு உள்ளானவர், அனுபவமில்லாத இளைஞர், நகரத்தின் வறிய பகுதியில் வசிப்பவர் ஆகியோரைக் கம்பனிகள் ஏற்க மறுத்தன. காப்புறுதி இன்றி வண்டி ஓட்டுதல் குற்றம் என்று சட்டம் சொல்ல, காப்புறுதி விற்க மாட்டோம் என்று கம்பனி சொன்னால், இடையிலுள்ளவர் செய்வது யாது? 1938ஆம் ஆண்டில் நியூ ஹாம்ஷயர் மாநிலம் இதற்கு ஒரு வழி வகுத்தது. மறுக்கப்பட்ட சாரதிகளின் விண்ணப்பங்களை ஒரு பொதுக் காரியாலயம் ஏற்று, கம்பனிகளுக்கு அவற்றின் வியாபார அளவுக்கேற்பப் பங்கிட்டுக் கொடுத்தது. எந்தக் கம்பனியும் தன் பங்கை ஏற்கவேண்டும். இவ்வொதுக்கீட்டு முறை பின்னர் நாடெங்கும் பரவியது. கலிபோர்னியாவில் இதனைச் சட்டமாக்கியபோது கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. 1951இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்தில் வியாபாரம் செய்யும் உரிமை பெற்ற கம்பனி, அங்குள்ள ஆபத்து மிகுந்த சாரதிகளிலும் தன் பங்கை ஏற்றல் வேண்டும் என்ற கொள்கை இவ்வாறு நிலைபெற்றது. எனினும் இம்முறையிற் கிடைத்த காப்புறுதி, சட்டம் கேட்ட மிகக் குறைந்த அளவினதாகவே பெரும்பாலும் இருந்தது; அதற்குரிய கட்டுப்பணமோ பிறர் செலுத்தியதிலும் உயர்வாக இருந்தது.

பிரித்தானியாவின் போக்கு சற்று வேறானது. 1930ஆம் ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் ஓடிய வண்டிகள் ஏறக்குறைய 23 இலட்சம்; அவ்வாண்டு வீதி விபத்துகளில் இறந்தவர்களோ 7,000க்கு மேற்பட்டோர். அவ்வாண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந் தரப்பினர் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. சாரதிக்கும் கம்பனிக்குமிடையே பத்திரத்தில் குறையிருந்தாலும் அடிபட்டவருக்குக் கம்பனி பணம் கொடுத்தே தீரவேண்டும் என 1934இன் சட்டம் மேலும் இறுக்கியது. காப்புறுதியே இல்லாத சாரதியால் அடிபட்டவருக்கு என்ன வழி என்ற குறை எஞ்சி நின்றது. 1946இல் கம்பனிகள் யாவும் சேர்ந்து அமைத்த மோட்டார்க் காப்புறுதியாளர் பணியகம் அதனையும் ஏற்றது. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தினுள் அமைந்த மூன்றாந் தரப்பினர் காப்புறுதி விதிகளும் இவ்வாங்கிலச் சட்ட மரபைச் சேர்ந்தனவே.

இவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பின்னும் ஒரு பெருங்குறை நீங்கவில்லை. ஈடு பெறவேண்டுமாயின், விபத்து மற்றவருடைய தவறால் நேர்ந்தது என்று அடிபட்டவர் நிறுவவேண்டும். சாட்சி கிடைப்பதரிது, வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீளும். 1932இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய குழுவொன்று, தொழிலாளர் நட்டஈட்டைப் போன்று யார் தவறு என்று நோக்காமல் ஈடு வழங்கும் முறை தகும் என அறிக்கை விடுத்தது. 1965இல் கீற்றன், ஓ’கொனெல் என்னும் இரு சட்டப் பேராசிரியர்கள் அக்கருத்தை விரிவான திட்டமாக எழுதினர். மத்திய அரசின் போக்குவரத்துத் திணைக்களம் 1971இல் முடித்த ஆய்வில், விபத்தில் இறந்தோர் அல்லது கடுங்காயமுற்றோர் நூற்றுவரில் 45 பேர் குடும்பங்களுக்கே பழைய முறையால் ஏதேனும் பயன் கிடைத்தது எனத் தெரியவந்தது. 1971ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி மசாசூசெற்ஸ் மாநிலமே இம்முறையையும் முதலிற் கைக்கொண்டது. அங்கே ஒருவர்க்குரிய எல்லை 2,000 டொலர்.

மிச்சிகன் மாநிலமோ இதனிலும் மிகத் துணிந்து சென்றது. 1973ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி, வண்டி விபத்தில் காயமுற்றவரின் நியாயமான வைத்தியச் செலவு முழுவதையும் எல்லையின்றி, உயிருள்ள அளவும், அவருடைய காப்புறுதியே ஏற்கவேண்டும். மூன்றாண்டு வரை இழந்த ஊதியத்தின் பெரும்பகுதியும் கிடைக்கும். முதுகெலும்பு முறிந்து படுக்கையிற் கிடப்பவரை வாழ்நாள் முழுவதும் பராமரிக்கும் செலவும் இதில் அடங்கும். அமெரிக்க மாநிலங்கள் ஏற்படுத்திய மிகத் தாராளமான உதவிகளுள் இஃது ஒன்று. இத்தகைய பெருஞ்செலவைப் பகிர்வதற்காக 1978இல் கம்பனிகள் சேர்ந்த பொதுச் சங்கமொன்று சட்டத்தால் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் ஒருவர்க்குரிய செலவு 250,000 டொலரைக் கடந்தால் மீதியைச் சங்கம் ஏற்றது. அதற்காக ஒவ்வொரு வண்டிக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை அறவிடப்படும்.

நோக்கம் உயர்ந்தது. ஆயின் அச்சட்டம் வந்த காலத்தில் டெற்றோயிற் நகரம் தளரத் தொடங்கியிருந்தது. 1950இல் பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நகரிலிருந்து, வெள்ளையர் குடும்பங்களும் தொழிற்சாலைகளும் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. 1967ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில் 43 பேர் மாண்டனர். அதன்பின் வெளியேற்றம் விரைந்தது. எஞ்சியோருட் பெரும்பாலார் வருமானம் குறைந்த கறுப்பின மக்கள். நகரத்தின் திராம் வண்டிச் சேவை 1956இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. வேலைகள் புறநகரில், வேலை தேடுவோர் நகரத்தில். இரண்டையும் இணைக்க வண்டியன்றி வேறு வழியில்லை. அவ்வேளையில் காப்புறுதிக் கம்பனிகளும் நகரத்தைத் தவிர்க்கத் தலைப்பட்டன. வரைபடத்தில் சில பகுதிகளைச் சிவப்புக் கோட்டால் ஒதுக்கிவிடும் வழக்கம் வீட்டுக் கடனில் இருந்தது போலவே காப்புறுதியிலும் இருந்தது என்பது மக்களின் குற்றச்சாட்டு.

1978ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மிச்சிகன் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இவ்வரலாற்றில் தலையாயது. குற்றம் நோக்காத காப்புறுதிச் சட்டம் அரசியலமைப்புக்கு ஏற்புடையதா என்பது வழக்கு. சட்டத்தின் பொதுவான அமைப்பு செல்லும் என்றது நீதிமன்றம். ஆயினும், இக்காலத்தில் மோட்டார் வண்டி வாழ்க்கைக்கு இன்றியமையாதது. அதனைப் பயன்படுத்தக் காப்புறுதியை அரசாங்கம் கட்டாயமாக்கியுள்ளது. எனவே அக்காப்புறுதி நியாயமான, ஒப்புரவான விலையில் எவர்க்கும் கிடைப்பதை உறுதிசெய்யும் கடமையும் அரசாங்கத்துக்கு உண்டு. அந்த உறுதி சட்டத்தில் இல்லை என நீதிமன்றம் குறை கண்டது. பதினெட்டு மாதங்களுள் குறையைத் திருத்துமாறு சட்டசபைக்குத் தவணை கொடுத்தது. கட்டளை இடும் அரசு அக்கட்டளைக்குப் பணிவதற்கான வழியையும் திறந்து வைத்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அதன் விளைவாக 1979இல் இன்றியமையாக் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. சாரதியின் குற்றப் புள்ளிகள் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாதவரை எக்கம்பனியும் அவரை மறுத்தல் ஆகாது என்றது அச்சட்டம். நகரத்தவரும் ஏற்கப்பட்டனர். ஆனால் ஏற்பது வேறு, தாங்கக்கூடிய விலையில் ஏற்பது வேறு. காலப்போக்கில் பிரதேசத்தைக் கொண்டு விலையை உயர்த்தும் வழி அகன்றது. இன்னும் புதிய அளவுகோல்களும் வந்து சேர்ந்தன. கடனைத் திருப்பிச் செலுத்திய ஒழுங்கு, கல்வித் தகைமை, தொழில், திருமண நிலை, சொந்த வீடு உண்டா என்பன போன்றவற்றையும் கம்பனிகள் கணக்கிற் கொண்டன. வீதியில் எவ்வளவு கவனமாக ஓட்டுகின்றார் என்பதிலும், வங்கியில் எவ்வளவு கடன் பட்டிருக்கின்றார் என்பதே சாரதியின் விலையை நிர்ணயிக்கும் நிலை தோன்றியது. ஆபத்து மிகுந்தவர் என்ற பெயரும் வறியவர் என்ற பெயரும் ஒன்றாகிவிட்டன.

வைத்தியச் செலவும் ஒருபுறம் ஏறியது. முதியோருக்குரிய அரசாங்க வைத்திய உதவித் திட்டம் ஒரு சிகிச்சைக்குக் கொடுக்கும் தொகையிலும் பன்மடங்கை, அதே சிகிச்சைக்கு மோட்டார்க் காப்புறுதியிடம் வைத்தியசாலைகள் கேட்டன. அதற்குச் சட்டத்தில் விலைப்பட்டியல் இருக்கவில்லை. 1992இலும் 1994இலும், கட்டுப்பணத்தைக் குறைத்து வைத்திய உதவிக்கு எல்லை விதிக்கும் திட்டங்கள் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. இருமுறையும் வாக்காளர் அவற்றை நிராகரித்தனர். தம்முள் ஒருவருக்கு நாளை நேரக்கூடிய பேரிடரை எண்ணியே அவர்கள் அவ்வாறு செய்தனர் எனலாம்.

ஆயினும் விலையுயர்வு தனக்கே உரிய சுழலை உண்டாக்கியது. செலுத்த இயலாதவர் காப்புறுதி இன்றி வண்டி ஓட்டினர். அவர்கள் செலுத்தாத பங்கு செலுத்துவோர்மேல் விழுந்தது. அதனால் விலை மேலும் ஏறியது. மேலும் சிலர் விலகினர். காப்புறுதி இல்லாத சொந்தக்காரர் தம் வண்டியில் விபத்துற்றால், மிச்சிகன் சட்டத்தின் புகழ்பெற்ற வைத்திய உதவி அவருக்குக் கிடையாது. மோதியவர்மீது நட்டஈட்டு வழக்கும் தொடுத்தல் இயலாது. அபராதமும் அனுமதிப்பத்திர இழப்பும் வேறு. சட்டத்துக்குப் பணிந்தால் வீட்டு வாடகைக்குப் பணமில்லை. பணியாவிட்டால் ஒரு விபத்தில் குடும்பமே அழியும். இவ்விரண்டுக்கும் இடையில் வேலைக்குச் செல்லும் தொழிலாளியின் நாள்தோறுமுள்ள மனக்கலக்கமே டெற்றோயிற் கதையின் உட்பொருள்.

பிற மாநிலங்களும் இத்துன்பத்தைப் பல வழிகளில் எதிர்நோக்கின. போல்ரிமோர் நகரைக் கொண்ட மேரிலாந்து, எவரும் ஏற்காத சாரதிகளுக்காக 1973இல் அரசாங்க நிதியொன்றைத் தொடங்கியது. நியூ ஜேர்சியில் 1980க்குப் பிந்திய ஆண்டுகளில் அமைந்த பொதுச் சங்கத்தில் மாநிலத்துச் சாரதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வந்து சேர்ந்தனர். செலவுக்குக் குறைந்த கட்டுப்பணம் அறவிட்டமையால், அச்சங்கம் 300 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனில் மூழ்கி 1990இல் கலைக்கப்பட நேர்ந்தது. கலிபோர்னியாவில் 1988ஆம் ஆண்டு நவம்பர் வாக்கெடுப்பில் மக்கள் தாமே ஒரு சட்டத்தை நிறைவேற்றினர். சாரதியின் ஒழுங்கு, ஆண்டில் ஓடும் மைல், அனுபவ ஆண்டுகள் ஆகிய மூன்றுமே கட்டுப்பணத்துக்கு முதன்மையான அடிப்படைகள் என அது விதித்தது. 1999இல் அம்மாநிலம், வருமானம் குறைந்த நல்ல சாரதிகளுக்காக லொஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய இடங்களில் மலிவுக் காப்புறுதி ஒன்றை வகுத்தது. லொஸ் ஏஞ்சல்சில் அதன் தொடக்க ஆண்டுக் கட்டுப்பணம் 450 டொலர். ஈட்டின் எல்லை ஒருவர்க்கு 10,000 டொலர் மட்டுமே. விலை குறைந்தது உண்மை. அதனோடு அடிபட்டவருக்குரிய பாதுகாப்பும் குறைந்தது என்பதும் உண்மை.

மிச்சிகன் சட்டசபை இறுதியில் 2019இல் உடன்பாட்டுக்கு வந்தது. நகர முதல்வர் மைக் டகன் நீண்டநாள் வற்புறுத்திய சீர்திருத்தத்தில், ஆளுநர் கிரெச்சன் விட்மர் மே 30ஆந் திகதி கையொப்பமிட்டார். 2020ஆம் ஆண்டு ஜூலை முதல் சாரதிகள் எல்லையற்ற வைத்திய உதவியையோ, 500,000 அல்லது 250,000 டொலர் எல்லையையோ தாமே தெரிந்துகொள்ளலாம். வறியோருக்குரிய அரசாங்க வைத்திய உதவி பெறுவோர்க்கு 50,000 டொலர் எல்லையும் உண்டு. பால், திருமண நிலை, கல்வி, தொழில், சொந்த வீடு, கடன் மதிப்பெண், தபால் வட்டார இலக்கம் என்பவற்றைக் கொண்டு விலை விதித்தல் தடுக்கப்பட்டது. எனினும் பிரதேசம் என்ற பெயரில் ஊரைக் கணக்கிற் கொள்ளும் வழி முற்றாக அடைபடவில்லை எனக் குறை கூறியோர் பலர். 2022இல் பொதுச் சங்கத்தின் மிகுதி நிதியிலிருந்து வண்டியொன்றுக்கு 400 டொலர் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கட்டுப்பணமும் முன்னையிலும் குறைந்தது. ஆயினும் டெற்றோயிற் இன்றும் அந்நாட்டில் மிக உயர்ந்த கட்டுப்பணம் செலுத்தும் நகரங்களுள் ஒன்றாகவே இருக்கின்றது.

குறைந்த அந்தத் தொகையின் மறுபக்கத்தையும் வரலாறு பதிந்துள்ளது. 2021ஆம் ஆண்டு ஜூலை முதல், வீட்டிலிருந்து பராமரிக்கும் சேவை முதலான பலவற்றுக்கு முன்பு வழங்கிய தொகையில் 55 விழுக்காடே கொடுக்கப்படும் என்றும், குடும்பத்தினர் செய்யும் பராமரிப்புக்கு வாரத்துக்கு 56 மணித்தியாலத்துக்கு மேல் கொடுபடாது என்றும் விதி வந்தது. பல பராமரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பல்லாண்டுகளுக்கு முன் விபத்துற்று, வாழ்நாள் உதவியை நம்பியிருந்தோர் தம்மைத் தூக்கிவிடும் கைகளை இழந்தனர். 2023ஆம் ஆண்டு ஜூலை 31ஆந் திகதி மாநில உயர் நீதிமன்றம், புதிய சட்டம் வருமுன் காயமுற்றோருக்கு இவ்வெல்லைகள் பொருந்தா எனத் தீர்ப்பளித்து, அவர்தம் பழைய உரிமையை மீட்டுக் கொடுத்தது. அதற்குப் பின் காயமுற்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆபத்து மிகுந்த நகரத்துச் சாரதி என்ற சொற்றொடர் கணக்கேட்டில் ஒரு வகுப்பின் பெயர். அப்பெயருக்குள்ளே குடித்துவிட்டு ஓட்டுபவனும் உண்டு. இரவு வேலை முடித்து வீடு திரும்பும் தாதியும் உண்டு. இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தினால் நியாயம் தவறும். விலையைக் கண்மூடிக் குறைத்தாலோ, வீதியில் வீழ்ந்தவரின் கட்டிலிலிருந்து அப்பணம் எடுக்கப்படும். மசாசூசெற்ஸ் முதல் மிச்சிகன் வரை ஒரு நூற்றாண்டில் செய்து பார்த்த சோதனைகள் யாவும் தெரிவிக்கும் உண்மை ஒன்றே. விபத்தின் செலவு எச்சட்டத்தாலும் மறைந்துபோவதில்லை; ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறுகின்றது. அத்தோள் யாருடையது, அது தாங்குமா என்று கேட்டுத் தீர்மானிப்பதே சட்டம் இயற்றுவோரின் கடமை. 1978இல் மிச்சிகன் நீதிபதிகள் நினைவூட்டிய அக்கடமை, காப்புறுதியைக் கட்டாயமாக்கிய எந்நாட்டுக்கும் இன்றும் உரியது.